விரல் ரேகையும் வரிசையும்: தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் மின்னாளுமை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் ஊர்களில் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாதத்தின் முதல் வாரத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. சிறுவயது முதல் இலை வெட்டி, தூள் வைத்து, பீடி சுருட்டியே தேய்ந்த விரல்கள் அவருடையவை. விற்பனையாளரான பெண், "ஆச்சி, நல்லாத் தொடச்சிட்டு வைங்க" என்று விரல் ரேகை பார்க்கும் மிஷினை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தார், பதியவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார், அதுவும் பதியவில்லை. இடது கை விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாயிற்று. பின்னால் நின்ற ஒரு பெண், "மைனி, ஆச்சி பேரன் போனுக்குத்தான் ஓடிபி வரும், நான் கூப்பிட்டுக் கேக்கேன்" என்று விற்பனையாளரிடம் சொல்லிவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்தார். பேரன் திருப்பூரில் வேலையில் இருந்தான், அழைப்பை எடுக்கவில்லை. கடைசியில் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்து பில் போட்டு, பதிவேட்டில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, 20 கிலோ அரிசியை நிறுத்துக் கொடுத்தார்கள். மிஷின் ஏற்காத அதே கட்டைவிரல், மை தொட்டுத் தாளில் வைத்தபோது செல்லுபடியானது.

இதற்கெல்லாம் ஏழெட்டு நிமிடம் ஆனது. வரிசையில் நின்ற யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அரிசி இல்லாமல் அவரைத் திருப்பி அனுப்பலாம் என்ற எண்ணம் விற்பனையாளருக்கும் வரவில்லை. மின்னாளுமை, அதாவது அரசின் சேவைகளை மின்னணு வழியில் நடத்துவது, மக்களை ஒருவரோடொருவர் இணைக்கிறதா, ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் காலைதான். கருவி வேலை செய்யாத நேரத்தில் அந்தத் தவற்றின் பாரத்தை அரசு சுமக்கிறதா, குடிமகன் சுமக்கிறானா என்பதை வைத்தே இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டமும், அதன் தரவுகளின் மேல் 2023-இல் எழுப்பப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமும் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். ஒரே கார்டு, ஒரே கடை, ஏறக்குறைய ஒரே தரவுத்தளம். ஆனால் முதலாவது எல்லோருக்கும் உரியது. இரண்டாவது தகுதி பார்த்துத் தருவது.

எல்லோருக்கும் ஒரே கடை

1997-இல் ஒன்றிய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், மேலே உள்ளவர்கள் என்று இரண்டாகப் பிரித்தது. பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டபோது, தமிழ்நாடு தன் கடைகளை எல்லாக் குடும்பங்களுக்கும் திறந்தே வைத்திருந்தது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2013-இல் இயற்றப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பர் 1 அன்று மாநிலம் சேர்ந்தபோதுகூட, சட்டப்படி முன்னுரிமை பெறாத குடும்பங்களின் அரிசியை நிறுத்தவில்லை. கூடுதல் செலவை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. இன்று ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் குடும்ப அட்டைகளும், 34,000-க்கு மேற்பட்ட கடைகளும் இருக்கின்றன. கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன.

இந்த ஏற்பாட்டில் வெளியூர் ஆய்வாளர்கள் எளிதில் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்பவர்கள் சர்க்கரை அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்தப் பொருளும் வேண்டாதவர்களுக்கும் ஓர் அட்டை இருக்கிறது. வசதி உள்ளவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறதே தவிர, யாரையும் பிடித்து வெளியே தள்ளும் வாசல் கிடையாது. 'ஏழை' என்று எழுதி வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டிய அவமானம் இல்லை. ஆசிரியர் வீட்டுப் பையும் கொத்தனார் வீட்டுப் பையும் அடுத்தடுத்து இருக்கின்றன. பருப்பில் கல் இருந்தால் இருவருக்கும்தான் கோபம் வருகிறது. இரண்டாமவருக்கு மட்டும் வருவதைவிட அந்தக் கோபத்துக்கு அதிகாரிகளிடம் மதிப்பு அதிகம்.

ரேஷன் கடை சமத்துவத்தின் கோயில் என்று சொல்ல வரவில்லை. கடை ஊர்த்தெருவில் இருக்கிறதா, காலனிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பது பல கிராமங்களில் இன்னும் கேட்க வேண்டிய கேள்வி. பகுதிநேரக் கடைகள் பல இடங்களில் தூரத்தைக் குறைத்ததோடு இந்தச் சங்கடத்தையும் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. எந்த மென்பொருளும் தொடாத பகுதி இது.

உள்தாளிலிருந்து குறுஞ்செய்திக்கு

2005-இல் கொடுத்த தாள் அட்டையை வைத்திருந்தவர்களுக்கு 'உள்தாள்' என்ற சொல் மறந்திருக்காது. அட்டையின் காலம் முடிந்த பிறகு புது அட்டை அச்சிடாமல், ஒவ்வோர் ஆண்டும் ஒரு தாளை உள்ளே ஒட்டி நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, பாதி எழுத்து அழிந்த அந்தப் புத்தகத்தில் விற்பனையாளர் என்ன எழுதினாரோ அதுதான் கணக்கு. வாங்காத சர்க்கரைக்கு எழுதிக்கொள்வதும், "பாமாயில் தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு மாலையில் வேறு பக்கம் அனுப்புவதும் அந்தக் கணக்கின் மறைவில்தான் நடந்தன. இறந்தவர் பெயரும், திருமணமாகிப் போன மகள் பெயரும், ஒரே ஆளுக்கு இரண்டு அட்டையும் பத்தாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தன.

விற்பனை முனையக் கருவிகள் கடைகளுக்கு வந்து, ஆதார் எண்கள் சேர்க்கப்பட்டு, 2017 ஏப்ரல் முதல் ஸ்மார்ட் கார்டுகள் வழங்கப்பட்டபோது இந்த நிலை மாறியது. மாற்றத்தில் பெரியதாக நான் கருதுவது கார்டையோ கருவியையோ அல்ல. பில் போட்டவுடன் பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைத்தான். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று பட்டியல் வந்துவிடுகிறது. வாங்காத பொருள் அதில் இருந்தால் மறுநாளே கடைக்குப் போய்க் கேட்க முடிகிறது. கடையில் என்ன இருப்பு இருக்கிறது, கடை திறந்திருக்கிறதா என்பதைக் குறுஞ்செய்தி அனுப்பித் தெரிந்துகொள்ளவும், வாங்காத பொருளுக்குப் பில் போட்டதாகப் புகார் தெரிவிக்கவும் வழி செய்தார்கள். அதுவரை விற்பனையாளருக்கும் வட்ட வழங்கல் அலுவலருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு, வாங்குபவர் கைக்கும் வந்தது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு, கடை திறந்திருக்குமா என்று பார்க்க இரண்டு கிலோமீட்டர் நடக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நடந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

ஆனால் குறுஞ்செய்தி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்பதும் முக்கியம். பல வீடுகளில் பதிவான எண் கணவருடையது, அல்லது வெளியூரில் இருக்கும் மகனுடையது, அல்லது ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ செத்துப்போன எண். வரிசையில் நிற்பவர் பெண்ணாகவும் செய்தி பெறுபவர் ஆணாகவும் இருந்தால், கணக்குக் கேட்கும் அதிகாரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எண்ணை மாற்ற ஒரு சேவை மையத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு நாள், ஒரு தொகை. இப்படிச் சிறிய தடைகளாகத்தான் ஏற்றத்தாழ்வு திரும்பி உள்ளே வருகிறது.

ஜார்க்கண்டில் நடந்தது

இதே ஆதார், இதே போன்ற கருவி ஜார்க்கண்டுக்குப் போனபோது வேறு விளைவைத் தந்தது. அங்கே ரேஷன் என்பது தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு மட்டும். ஆதாரோடு இணைக்காத அட்டைகள் போலி என்ற முன்முடிவோடு பெருந்தொகையாக நீக்கப்பட்டன. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கவில்லை என்பதால் பல மாதமாக ரேஷன் கிடைக்கவில்லை, பட்டினியால்தான் மகள் போனாள் என்று குடும்பம் சொன்னது. மலேரியா என்று நிர்வாகம் மறுத்தது. குடும்பத்தின் அட்டை ரத்தாகியிருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. அதற்கு அடுத்த மாதமே, ஆதார் இல்லை அல்லது ரேகை பதியவில்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது.

முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்த மாநிலத்தில் செய்த கள ஆய்வு, ரேகைச் சரிபார்ப்பினால் மட்டும் கசிவு, அதாவது பொருள் உரியவருக்குப் போகாமல் வேறு பக்கம் போவது, குறையவில்லை என்று கண்டது. முன்கூட்டியே ஆதார் இணைக்காமல் இருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பயன் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அலைச்சலும் செலவும் கூடியிருந்தன. இழந்தவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் இல்லை. ஆதார் மையத்துக்குப் போக வண்டிக்காசு இல்லாதவர்கள், படிவம் எழுதத் தெரியாதவர்கள்.

தமிழ்நாட்டில் விரல் ரேகைச் சரிபார்ப்பு, ஊர்க் கார்டை வைத்து வேறு மாநிலத்திலும் தானியம் வாங்க வழி செய்யும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு சேர்ந்து 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இங்கும் முதல் வாரங்களில் சர்வர் திணறியது. வரிசை தெருமுனை வரை நீண்டது. கடை ஊழியர்கள் திட்டு வாங்கினார்கள். எனினும் ரேகை பதியாதவர்களுக்குக் கார்டை ஸ்கேன் செய்து கொடுக்கலாம், ஓடிபி வழியாகக் கொடுக்கலாம், கடைக்கு வர முடியாதவர்கள் அங்கீகாரப் படிவம் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம் என்ற மாற்று வழிகள் இருந்தன. பின்னர் கருவிழிப் பதிவும் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும், அதோடு 14 மளிகைப் பொருள்களும் கொரோனா நிவாரணமாக இதே கடைகள் வழியாகத்தான் போயின. வீட்டுக்கு வீடு டோக்கன் கொடுத்து, நாள், நேரம் குறித்து வரச் சொன்னார்கள். புதிதாக ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டிய தேவை எழவில்லை, ஏனென்றால் அநேகமாக எல்லோருமே ஏற்கெனவே பட்டியலில் இருந்தார்கள். பேரிடர் நேரத்தில் ஓர் அரசுக்கு இதைவிடப் பெரிய சொத்து இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு மாநிலங்களுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டைத் தொழில்நுட்பத்தில் தேடிப் பயனில்லை. இங்கே ரேஷன் எல்லோருக்கும் உரியது என்பதால், மிஷின் 'இல்லை' என்று சொன்னால் மிஷின்தான் தவறு என்று விற்பனையாளரும் வரிசையில் நிற்பவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே யார் உரியவர் என்ற சந்தேகம் முன்பே இருந்தது. மிஷின் அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சி சொன்னது.

1,000 ரூபாயும் 56 லட்சம் மறுப்பும்

இப்போது இரண்டாவது திட்டம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த மகளிர் உரிமைத் தொகை, தகுதியுள்ள குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் செலுத்துகிறது. 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று பெயர் வைத்ததிலும், அட்டையில் தலைவராக ஆண் இருந்தால் அவர் மனைவியே குடும்பத் தலைவி என்று விதி எழுதியதிலும், கைம்பெண்களையும் தனித்து வாழும் பெண்களையும் திருநங்கைகளையும் அவரவர் குடும்பங்களின் தலைவிகளாக ஏற்றுக்கொண்டதிலும் ஆழ்ந்த சிந்தனை இருக்கிறது. வீட்டு வேலைக்குக் கூலி இல்லை என்ற பழைய அநீதியை அரசு ஆவணத்தில் ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது.

பதிவு செய்த முறையும் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. ரேஷன் கடை வாரியாக முகாம்கள் பிரிக்கப்பட்டன. கடை ஊழியர்கள் வீடு வீடாகப் போய் விண்ணப்பமும் டோக்கனும் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வீட்டருகே பாடம் சொல்லித் தரும் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவையே சேர்ந்த இளம்பெண்கள், கைப்பேசிச் செயலியில் விவரங்களைப் பதிந்தார்கள். வருமானச் சான்றோ நிலப் பட்டாவோ இணைக்க வேண்டியதில்லை என்று அரசு சொன்னது மிகப் பெரிய நிம்மதி. அந்தத் தகவல்கள் அரசின் பல துறைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை எடுத்துப் பொருத்திப் பார்ப்பது அரசின் வேலை என்பதே அதன் பொருள். ஒரு வருமானச் சான்றுக்காகச் சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. சுமார் 1 கோடியே 6 லட்சம் ஏற்கப்பட்டன. அதாவது 56 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு 'இல்லை' என்ற பதில் போனது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேல், ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய் அல்லது பத்து ஏக்கருக்கு மேல் புன்செய், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் வீட்டு மின்சாரம், நான்கு சக்கர வாகனம், வருமான வரி, அரசுப் பணி என்று விலக்குகள் வரையறுக்கப்பட்டிருந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வாரத்தில் எங்கள் தெருவில் நடந்தது என்ன? பக்கத்து வீட்டில் வந்த பணம் இந்த வீட்டில் வரவில்லை. "அவ வீட்டுல ரெண்டு பேரு வேலைக்குப் போறாங்க, அவளுக்கு வந்திருக்கு" என்ற பேச்சு தண்ணீர்க் குழாயடியில் தொடங்கியது. ரேஷன் வரிசையில் ஐம்பது ஆண்டுகளாக எழாத கேள்வி, அதே கார்டை வைத்து எழுந்தது.

அத்தை வீட்டு மீட்டர்

என் அத்தைக்கும் வரவில்லை. ஒரே வளவில் அவரும் அவர் கொழுந்தனார் குடும்பமும் தனித்தனிச் சமையலறை வைத்து, தனித்தனி ரேஷன் கார்டோடு இருக்கிறார்கள். மின் இணைப்பு மட்டும் மாமனார் காலத்தது, ஒன்றுதான். அத்தை காலையில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுத் தெருவில் விற்பவர். கிரைண்டர் அந்த மீட்டரில்தான் ஓடுகிறது. இரண்டு குடும்பமும் கிரைண்டரும் சேர்ந்து 3,600 யூனிட்டைத் தாண்டிவிட்டன. மறுப்புக் குறுஞ்செய்தியில் காரணம் மின் நுகர்வு என்றே இருந்தது. "மாவு அரைச்சுத் தலையில சுமந்து விக்கிறவ பணக்காரியாம்" என்று அன்று அவர் சொன்னதில் அழுகை கலந்திருந்தது.

இந்த நிகழ்வை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். உணவு வழங்கல் துறை ஒரு குடும்பத்தை அடுப்பை வைத்து அடையாளம் காண்கிறது. புது கார்டு கேட்டால் தனிச் சமையல் இருக்கிறதா என்று வந்து பார்க்கிறார்கள். தமிழ்ச் சமூகமும் 'தனி அடுப்பு வைத்தாயிற்று' என்றால்தான் தனிக் குடும்பம் என்று ஏற்றுக்கொள்கிறது. மின்வாரியத்துக்கு அடுப்பு தெரியாது. அதற்கு மீட்டர்தான் அலகு. இரண்டு துறைகளின் தரவுகளைப் பொருத்தியபோது, ஒரு மீட்டரின் கீழ் இருந்த இரண்டு அடுப்புகள் ஒரே வசதியான வீடாகத் தோன்றிவிட்டன. தரவில் பொய் எதுவும் இல்லை. மின்வாரியக் கணக்கு உண்மை, ரேஷன் கணக்கும் உண்மை; இரண்டையும் சேர்த்துப் பெற்ற முடிவுதான் தவறு. கூட்டாக ஒரே வளவில் வாழ்பவர்கள், ஒரே மீட்டரில் வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டிலேயே தொழில் செய்பவர்கள் ஆகியோரிடம்தான் இந்தத் தவறு நேர்கிறது. அதாவது, யாருக்காகத் திட்டம் வந்ததோ அவர்களிடமே.

நல்ல வேளையாக, திட்டத்தை வகுத்தவர்கள் இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும், 30 நாள்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பவை தொடக்கத்திலேயே விதியில் இருந்தன. அத்தையை நான் ஒரு சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே நூறு ரூபாய் கேட்டார்கள், ரசீது தரவில்லை. இரண்டாவது முறை போனபோதுதான் பதிவானது. பிறகு ஒரு நாள் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்தார். இரண்டு சமையலறைகளையும் இரண்டு சிலிண்டர் புத்தகங்களையும் பார்த்தார். கிரைண்டரைக் காட்டி, "இதுல ஒரு நாளைக்கு எவ்வளவும்மா கெடைக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். நவம்பரில் பணம் வந்தது.

அந்த நவம்பரில், மேல்முறையீடு செய்த ஏறத்தாழ 11 லட்சத்து 85 ஆயிரம் பேரில் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். இந்த எண்களுக்குத் தலைப்புச் செய்தியில் கிடைத்ததைவிட அதிகக் கவனம் கிடைத்திருக்க வேண்டும். முறையிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிடைத்திருக்கிறது என்றால், முதல் வடிகட்டல் பெருமளவு பிசகியிருக்கிறது. முறையிடாத 44 லட்சம் பேரில் எத்தனை அத்தைகள் இருந்தார்கள்? முறையிட ஒரு மகனோ, அண்ணன் மகனோ, படித்த பக்கத்து வீட்டுக்காரரோ வேண்டியிருந்தது; மையத்துக்கு இரண்டு நடை நடக்க நேரம் வேண்டியிருந்தது. உரிமையை மீட்டுத் தரும் வாசலும் ஓரளவு வசதி உள்ளவர்களுக்கே திறந்தது என்பதுதான் இந்தத் திட்டத்தில் நான் காணும் முதன்மைக் குறை. பின்னர் 2025-இல் அரசு நடத்திய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் மீண்டும் விண்ணப்பம் வாங்கியபோது கூட்டம் அலைமோதியதற்கு இந்த மிச்சமும் ஒரு காரணம்.

பணம் வந்த பிறகும் சிலருக்குக் கையில் சேரவில்லை. ஆதார் வழிப் பணப்பரிமாற்றத்தில், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் தொகை போகும். நூறு நாள் வேலைக்கு ஒன்று, சுயஉதவிக் குழுவுக்கு ஒன்று, பிள்ளையின் உதவித்தொகைக்கு ஒன்று என்று கணக்குத் தொடங்கிய பெண்கள், எந்தக் கணக்கில் விழுந்தது என்று தெரியாமல் அலைந்தார்கள். சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்த ஆயிரத்திலேயே பிடித்தம் செய்ததாகப் புகார்கள் எழுந்தன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில அரசு வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்குகளைக் கூட்டுறவு வங்கிகள் முகாம்களிலேயே தொடங்கிக் கொடுத்த ஊர்களில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்து செய்ய வேண்டியவை

இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். தகுதி பார்க்கும் திட்டங்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது, நிதி அளவானது. ஆனால் தரவைப் பொருத்தி மறுக்கும் முடிவை இறுதி முடிவாக வைக்காமல், நேரில் விசாரித்த பிறகே உறுதிசெய்ய வேண்டும். மறுக்கப்பட்டவர் தேடி வரும்வரை காத்திருக்காமல், ஒரே மீட்டரில் இரண்டு கார்டு இருக்கும் வீடுகளை அரசே பட்டியலிட்டு, அலுவலரை அனுப்பிப் பார்க்கலாம். விலக்குவதற்குப் பயன்பட்ட அதே தரவு, சேர்ப்பதற்கும் பயன்பட வேண்டும். கடை வாரியாக ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்கு ரேகை பதியவில்லை, அவர்களில் எத்தனை பேருக்கு மாற்று வழியில் பொருள் போனது என்ற எண்ணிக்கையைக் கடைப் பலகையில் எழுதி வைக்கலாம். இருப்புப் பலகை ஏற்கெனவே தொங்குகிறது. அதில் இன்னும் இரண்டு வரி.

கருவிகளைக் கூட்டிக்கொண்டே போவதில் நிதானமும் தேவை. எடை குறைவதைத் தடுக்க மின்னணுத் தராசைப் புளூடூத் வழியாக மிஷினோடு இணைத்தது நல்ல நோக்கம்தான். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்துப் பதிந்தால்தான் அடுத்த பில் என்றானபோது வரிசை நீண்டது. ஊழியர்களும் முறையிட்டார்கள். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைந்து வந்தால் நாங்கள் எங்கே போவோம் என்ற அவர்கள் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. கடைசி முனையில் நிற்கும் சிறிய ஊழியரை மட்டும் கண்காணித்துவிட்டு, மேலே உள்ள கிடங்கைப் பார்க்காமல் விடுவதும் ஒரு வகை ஏற்றத்தாழ்வுதான்.

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 முதல் அவர்கள் தங்கள் ஊர்க் கார்டை வைத்து இங்குள்ள கடைகளிலும் தானியம் வாங்கலாம். ஆனால் விதியில் உள்ள வாசல் நடைமுறையில் பாதிதான் திறந்திருக்கிறது. ஊரில் இருக்கும் குடும்பம் அந்த அரிசியை வாங்கிவிடுவதும், மொழியும், கடையில் என்ன சொல்வார்களோ என்ற தயக்கமும் காரணம். மிஷின் அவர் விரலை அடையாளம் கண்டுகொள்ளும். வரிசையில் நிற்பவர்களும் அவரைத் தங்களில் ஒருவராக எண்ண இன்னும் காலம் பிடிக்கும்.

2025 ஆகஸ்ட் 12 அன்று தாயுமானவர் திட்டம் தொடங்கியது. 70 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் என 21 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் பொருள்கள் வீட்டு வாசலுக்கே வரும் என்பது தொடக்கத்தில் செய்த ஏற்பாடு. வண்டியில் தராசும் மிஷினும் சேர்ந்து வருகின்றன. அந்தத் தென்காசி ஊருக்கு அண்மையில் போயிருந்தபோது ஆச்சியைப் பார்த்தேன். வாசலில் வண்டி நின்றது, விரலை வைத்தார், வழக்கம்போலப் பதியவில்லை, கார்டை ஸ்கேன் செய்து பையை உள்ளே கொண்டு வைத்துவிட்டுப் போனார்கள். வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன். "சாமான் வாசலுக்கு வருது, சந்தோசந்தான்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "கடைக்குப் போனா நாலு பேரப் பாத்துட்டு வருவேன்" என்றார். அடுத்த வாரம் கடை வழியாகப் போனபோது, வாங்க வேண்டியது ஒன்றும் இல்லாமலே அவர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, ரேகை பதியாத இன்னொருத்தியிடம் எந்த விரலை வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.